டயர் ஓநாய் நிஜமாகவே திரும்பி வந்துவிட்டதா? அழிந்த விலங்குகளை ‘உயிர்ப்பிக்கும்’ அறிவியல் சொல்வது என்ன?

வெள்ளை வெளேரென்று இரண்டு ஓநாய்க் குட்டிகள். இன்னும் சரியாக ஊளையிடக்கூடத் தெரியவில்லை. தலையைத் தூக்கி, கீச்சுக் குரலில் முயன்று பார்க்கின்றன. 2025 ஏப்ரல் 7 அன்று அமெரிக்காவின் ‘கொலோசல் பயோசயின்சஸ்’ நிறுவனம் இந்தக் குட்டிகளை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. 10,000 ஆண்டுகளுக்கு மேல் யாரும் கேட்டிராத டயர் ஓநாயின் குரல் இது என்றது அந்த நிறுவனம். ‘டைம்’ இதழ் அட்டைப்படத்திலேயே போட்டது. சோஷியல் மீடியா முழுக்க ‘ஜுராசிக் பார்க்’ பேச்சுதான்.

ஆனால், அதே வாரத்திலேயே பல மரபணு விஞ்ஞானிகள் கையைத் தூக்கினார்கள். ‘இது டயர் ஓநாய் இல்லை, நிறம் மாற்றிய சாம்பல் ஓநாய்’ என்பது அவர்கள் வாதம்.

அப்போ எது உண்மை? ஓர் அழிந்த உயிரினத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா, முடியாதா? முடியும் என்றால், செய்ய வேண்டுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், டயர் ஓநாய் என்றால் என்ன?

‘டயர்’ என்றதும் வண்டிச் சக்கரம் நினைவுக்கு வரலாம். இது அந்த டயர் இல்லை. ஆங்கிலத்தில் ‘பயங்கரமான’ என்ற பொருள் தரும் சொல். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். ஆனால் இது கற்பனை விலங்கு அல்ல. அமெரிக்கக் கண்டங்களில் நிஜமாகவே வாழ்ந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள ‘லா பிரியா’ தார்க் குழிகளில் மட்டும் ஆயிரக்கணக்கான டயர் ஓநாய்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. இன்றைய சாம்பல் ஓநாயைவிட உடல் பெரியது, தாடை வலுவானது. காட்டெருமை, காட்டுக்குதிரை போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாடியது. பனியுகத்தின் முடிவில் அந்தப் பெரிய இரைகள் பல காணாமல் போக, இதுவும் அழிந்தது.

பார்க்க ஓநாய் மாதிரி இருந்தாலும், உறவில் அவ்வளவு நெருக்கம் இல்லை. 2021-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, டயர் ஓநாயின் பரம்பரை இன்றைய ஓநாய்களின் பரம்பரையிலிருந்து சுமார் 57 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்று கணித்தது. அந்தக் கணக்கு குறித்து ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. ஆனால், இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

குட்டிகளை எப்படி உருவாக்கினார்கள்?

நான்கு கட்டமாகப் புரிந்துகொள்ளலாம்.

ஒன்று, பழைய டி.என்.ஏ. ஒஹையோ மாநிலத்தில் கிடைத்த 13,000 ஆண்டுப் பழமையான ஒரு பல், இடாஹோவில் கிடைத்த 72,000 ஆண்டுப் பழமையான ஒரு காது எலும்பு. இந்த இரண்டிலிருந்தும் டி.என்.ஏ. துணுக்குகளை எடுத்து டயர் ஓநாயின் மரபணுத் தொகுப்பைப் படித்தார்கள். கவனிக்க வேண்டியது, ‘படித்தார்கள்’ என்பதுதான். அந்தப் பழைய டி.என்.ஏ. எந்தக் குட்டியின் உடலுக்குள்ளும் போகவில்லை. அது நொறுங்கிப்போனது; உயிருள்ள செல்லை அதிலிருந்து உருவாக்க முடியாது.

இரண்டு, இன்றைய சாம்பல் ஓநாயின் ரத்தத்திலிருந்து செல்களை எடுத்தார்கள். ‘கிரிஸ்பர்’ போன்ற மரபணுத் திருத்தக் கருவிகளால் 14 மரபணுக்களில் 20 இடங்களை மாற்றினார்கள். உடல் அளவு, தாடை, ரோமத்தின் நீளம், நிறம் போன்றவற்றோடு தொடர்புடைய இடங்கள் இவை.

மூன்று, க்ளோனிங். திருத்திய செல்லின் உட்கருவை, தன் உட்கரு நீக்கப்பட்ட ஒரு முட்டைக்குள் வைப்பது. 1996-ல் டாலி செம்மறியாடு பிறந்த அதே வழி.

நான்கு, வாடகைத் தாய். வீட்டு நாய்களின் உடலில் கருக்களை வைத்தார்கள். முதல் சுற்றில் 45 கருக்கள், இரண்டு நாய்கள். ஒவ்வொரு நாயிலும் ஒரே ஒரு கருதான் தங்கியது. 2024 அக்டோபர் 1 அன்று ரோமுலஸ், ரீமஸ் என்ற இரண்டு ஆண் குட்டிகள் பிறந்தன. 2025 ஜனவரியில் கலீசி என்ற பெண் குட்டி.

சரி, இது டயர் ஓநாய்தானா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் சுலபமாகப் புரியும். ஓநாயின் மரபணுத் தொகுப்பை ஒரு புத்தகமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 240 கோடி எழுத்துகள். டயர் ஓநாயும் சாம்பல் ஓநாயும் 99.5% ஒத்துப்போகின்றன என்று கொலோசலே சொல்கிறது. மீதி 0.5% என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் 240 கோடியில் அது 1.2 கோடி எழுத்து வித்தியாசம். இவர்கள் மாற்றியது 20 இடம்.

அந்த இருபதிலும் 15 மட்டும்தான் டயர் ஓநாயிடம் இருந்து ‘காப்பி’ செய்யப்பட்டவை. மீதி ஐந்தும் வெளிர் நிற ரோமம் வர வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றங்கள். டயர் ஓநாயின் நிற மரபணுக்களை அப்படியே வைத்தால் சாம்பல் ஓநாய்க்குக் காது கேளாமையும் பார்வை இழப்பும் வரும் அபாயம் இருந்தது. அதனால் வேறு வழியில் அந்த நிறத்தை வரவழைத்தார்கள். குட்டிகளின் நலனுக்காக எடுத்த சரியான முடிவு அது. ஆனால் நாம் வீடியோவில் பார்த்து வியந்த அந்த வெள்ளை நிறமே டயர் ஓநாயின் மரபணுவிலிருந்து வந்ததில்லை என்பதும் அதே முடிவின் விளைவுதான்.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) நாயினங்களுக்கான நிபுணர் குழு, இந்த மூன்றும் டயர் ஓநாய்களும் அல்ல, அவற்றின் இடத்தை நிரப்பக்கூடிய பதிலிகளும் அல்ல என்று அறிக்கை விட்டது. கொலோசலின் தலைமை விஞ்ஞானி பெத் ஷபிரோவும் அடுத்த மாதம் ஒரு பேட்டியில், இவை 20 திருத்தங்கள் செய்யப்பட்ட சாம்பல் ஓநாய்கள்தான், அழிந்த ஓர் உயிரை அச்சு அசலாகத் திரும்பக் கொண்டுவர முடியாது என்ற பொருளில் பேசினார். நிறுவனத்தின் வாதம் இதுதான்: உருவத்திலும் குணத்திலும் டயர் ஓநாயை ஒத்திருந்தால் அந்தப் பெயரால் அழைப்பதில் என்ன தப்பு?

தப்பு எங்கே இருக்கிறது என்றால், ஓநாய் என்பது உருவம் மட்டும் இல்லை. எப்படி வேட்டையாடுவது, யாருக்கு அடங்குவது, யாரைக் கண்டு ஒதுங்குவது என்பதையெல்லாம் அது கூட்டத்தில் வளர்ந்துதான் கற்றுக்கொள்கிறது. ரோமுலஸுக்கும் ரீமஸுக்கும் கற்றுக்கொடுக்க ஒரு டயர் ஓநாய்கூட இல்லை. இடம் வெளியில் சொல்லப்படாத, வேலி போட்ட சுமார் 2,000 ஏக்கர் நிலத்தில் மனிதர்கள் பார்த்துக்கொள்ள அவை வளர்கின்றன.

இது முதல் முயற்சியா?

இல்லை. 2003-லேயே, இதைவிட நேர்மையான ஒரு முயற்சி நடந்தது. அதை நிறையப் பேர் மறந்துவிட்டோம்.

ஸ்பெயினின் பிரனீஸ் மலையில் ‘புக்கார்டோ’ என்ற காட்டாட்டு வகை இருந்தது. ஐபீரிய ஐபெக்ஸின் ஒரு துணையினம். பல நூற்றாண்டு வேட்டையில் குறைந்து குறைந்து, கடைசியில் ஒரே ஒரு பெண் ஆடு மிஞ்சியது. பெயர் செலியா. 1999-ல் அதைப் பிடித்து, தோல் செல்களை எடுத்து உறையவைத்து, மறுபடி மலையில் விட்டார்கள். 2000 ஜனவரியில் ஒரு மரம் விழுந்து செலியா இறந்தது. புக்கார்டோ அத்தோடு முடிந்தது.

உறைந்த அந்தச் செல்களிலிருந்து க்ளோனிங் முயற்சி தொடங்கியது. பல வாடகைத் தாய்களிடம் முயன்றும், உயிரோடு பிறந்தது ஒன்றே ஒன்று. 2003 ஜூலை 30 அன்று பிறந்த அந்தக் குட்டி, நுரையீரல் குறைபாட்டால் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி இறந்தது. அழிந்த பிறகு மீண்டும் பிறந்த முதல் விலங்கு அது. இரண்டு முறை அழிந்த ஒரே விலங்கும் அதுதான்.

செலியாவின் செல் உயிருள்ளது. அதனால் அந்தக் குட்டியின் உட்கரு டி.என்.ஏ. அப்படியே புக்கார்டோவுடையது; நாலைந்து குணங்களைப் பார்த்துச் செய்த நகல் இல்லை. அப்படி இருந்துமே இன்னொரு சுவர் முன்னால் நின்றது. குட்டி பிழைத்திருந்தாலும் பெண். அடுத்த க்ளோனும் பெண். ஆண் ஆட்டின் செல் யாரிடமும் இல்லை. ஒரு விலங்கைப் பிறக்கவைப்பது வேறு, ஓர் இனத்தை மீட்பது வேறு. இந்த வித்தியாசத்தைத்தான் இன்றைய தலைப்புச் செய்திகள் மறைத்துவிடுகின்றன.

டைனோசர்? அது வரவே வராது. இதுவரை மீட்டெடுத்துப் படிக்க முடிந்த மிகப் பழைய டி.என்.ஏ. கிரீன்லாந்து மண்ணில் கிடைத்த சுமார் 20 லட்சம் ஆண்டுப் பழமையான துணுக்குகள். டைனோசர்கள் மறைந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன.

மாமூத் வந்தால் யானைக்கு என்ன ஆகும்?

2021-ல் தொடங்கிய கொலோசலின் பெரிய கனவு, ரோமம் அடர்ந்த மாமூத். 2028-க்குள் முதல் குட்டி என்பது அவர்கள் இலக்கு. 2025 மார்ச்சில், மாமூத்தின் சில குணங்களை எலியில் சோதித்து, நீண்ட ரோமம் கொண்ட எலிகளைக் காட்டினார்கள்.

எலியின் கர்ப்பகாலம் மூன்று வாரம். யானைக்கு ஏறக்குறைய 22 மாதம். மாமூத்தின் நெருங்கிய உறவு ஆசிய யானை. திருத்தம் செய்யப்படும் செல்லும் அதனுடையது, கருவைச் சுமக்க வேண்டிய வயிறும் பெரும்பாலும் அதனுடையதாகவே இருக்கும். செயற்கைக் கருப்பை பற்றியும் நிறுவனம் பேசுகிறது. ஆனால் முழுக் கர்ப்பகாலமும் ஒரு பாலூட்டிக் கருவை வெளியே வளர்க்கும் கருவி இன்றைக்கு இல்லை.

ஆசிய யானையே அழியும் ஆபத்தில் உள்ள இனம். உலகில் காட்டில் வாழும் ஆசிய யானைகளில் பாதிக்கும் மேல் இருப்பது இந்தியாவில். ஒரு பெண் யானை தன் வாழ்நாளில் ஈனும் குட்டிகளே கொஞ்சம்தான். நாய்களில் 45 கருக்களில் இரண்டு பிழைத்தது வெற்றி. யானையில் அதே விகிதம் என்றால், எத்தனை தாய்கள், எத்தனை கருக்கலைப்புகள்? அந்த யானை சம்மதம் சொல்ல முடியாது. அதற்குப் பதில் நாம்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிறந்த பிறகும் கேள்வி தீராது. யானைக் குட்டி தாயோடும் சித்திகளோடும் பாட்டியோடும் பல ஆண்டுகள் வளர்வது. குளிருக்கான ரோமத்தோடு பிறக்கும் முதல் குட்டி, எந்தக் கூட்டத்தோடு நடக்கும்?

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யானைக் குட்டிகளைக் கொல்லும் ஹெர்பீஸ் வைரஸுக்குத் தடுப்பூசி காணும் ஆய்வுக்கும் இந்த நிறுவனம் உதவுகிறது. அந்தத் தடுப்பூசி சரியாக வேலை செய்தால், மாமூத் வராவிட்டாலும் யானைக்கு லாபம்.

அப்போ இந்தத் தொழில்நுட்பமே வீணா?

நிச்சயமாக இல்லை. அழிந்ததை விட்டுவிட்டு, அழிந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் இதே கருவிகள் வேறு மாதிரி தெரியும்.

அமெரிக்காவில் கருங்கால் ஃபெரெட் என்று கீரி போன்ற ஒரு சிறு விலங்கு உண்டு. அழிந்தேவிட்டது என்று நினைத்திருந்த நேரத்தில், 1981-ல் வயோமிங் மாநிலத்தில் ஒரு சிறு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உள்ள எல்லாமே வெறும் ஏழு ஃபெரெட்டுகளின் வாரிசுகள். சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் என்பதால் நோய் எதிர்ப்பு, கருவுறும் திறன் எல்லாமே பலவீனம். 1988-ல் வில்லா என்ற ஃபெரெட்டின் செல்களைச் சான் டியேகோ உயிரியல் பூங்காவின் ‘உறைந்த விலங்கு வங்கி’யில் சேமித்திருந்தார்கள். அந்த ஏழில் வில்லா இல்லை. அதன் க்ளோனாக எலிசபெத் ஆன் 2020 டிசம்பரில் பிறந்தது. அதே வில்லாவின் இன்னொரு க்ளோனான அன்டோனியா 2024-ல் குட்டிகளே போட்டுவிட்டது. 30 ஆண்டுகளுக்கு மேல் உறைந்து கிடந்த மரபணு வளம், உயிருள்ள ஓர் இனத்துக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. இது நிஜமான மீட்பு.

வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கதையும் அப்படித்தான். உலகில் மிஞ்சியிருப்பது கென்யாவில் உள்ள தாயும் மகளும் மட்டும்: நஜின், ஃபட்டு. கடைசி ஆண் சூடான் 2018 மார்ச்சில் இறந்தது. உறைந்த விந்தணுவையும் ஃபட்டுவின் முட்டைகளையும் கொண்டு ஆய்வகத்தில் கருக்கள் தயாராக உள்ளன. தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தை வாடகைத் தாயாக்கலாம் என்பதற்கான முதல் நிரூபணத்தை 2024 ஜனவரியில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

இரண்டிலும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. உயிருள்ள செல், இன்னும் மிச்சம் இருக்கும் உறவுகள், போய் வாழ ஓர் இடம். டயர் ஓநாய்க்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

பணமும் அரசியலும்

2025 ஜனவரி நிலவரப்படி கொலோசலின் சந்தை மதிப்பு சுமார் 1,020 கோடி டாலர். ‘இது தனியார் பணம். நாங்கள் இல்லாவிட்டால் இந்தப் பணம் வன உயிர்ப் பாதுகாப்புக்கு வந்திருக்காது’ என்பது ஆதரவாளர்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அரசுப் பணம் இதற்குள் வந்தால் கணக்கு மாறும். நியூசிலாந்தையும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸையும் வைத்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. நியூ சவுத் வேல்ஸில் அழிந்த ஐந்து இனங்களை மீட்டுப் பராமரிக்க ஆகும் செலவில், இன்று உயிரோடிருக்கும் 42 இனங்களைக் காப்பாற்றலாம் என்றது அந்தக் கணக்கு.

பணத்தைவிடப் பெரிய சிக்கல், சொல்லில் இருக்கிறது. ஓநாய்க் குட்டிகள் பற்றிய அறிவிப்பு வந்த அதே நாளில், அமெரிக்க உள்துறைச் செயலர் டக் பர்கம் எக்ஸ் தளத்தில் பாராட்டினார். அங்கே வன உயிர்களுக்கான சட்டத்தைச் செயல்படுத்தும் துறை அவருடையது. அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலுக்குள் நுழைந்த இனம் வெளியே வருவதே இல்லை என்று குறைபட்டுக்கொண்டு, கட்டுப்பாடுகளைவிடப் புதுமைதான் தீர்வு என்ற பொருளில் அவர் எழுதினார். அடுத்த பத்து நாட்களில், அந்தச் சட்டத்தில் விலங்குகளின் வாழிடத்தை அழிப்பதையும் ‘தீங்கு’ என்று கணக்கில் எடுக்கும் விளக்கத்தை நீக்கும் முன்மொழிவை அமெரிக்க அரசு வெளியிட்டது. ஓநாய்க் குட்டிகளால்தான் அந்த முன்மொழிவு வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ‘போனாலும் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்’ என்ற நம்பிக்கை எந்தப் பக்கம் சாயும் என்பது புரிந்துவிட்டது.

காட்டை வெட்டத் துடிப்பவருக்கு இதைவிட வசதியான வாதம் கிடைக்காது. ‘செல்லை ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். ரோடு போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.’

இந்தியாவுக்கு இதில் என்ன?

திரும்பக் கொண்டுவருவது என்றால் என்னவென்று நமக்கு ஏற்கெனவே ஓர் அனுபவம் இருக்கிறது. இந்தியாவில் சிவிங்கிப்புலி அழிந்துவிட்டதாக 1952-ல் அறிவிக்கப்பட்டது. ஆசியச் சிவிங்கிப்புலி இப்போது இரானில் மட்டும், மிகச் சில மிஞ்சியுள்ளன. 2000-களின் தொடக்கத்தில் ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு மையம் அதை க்ளோனிங் செய்ய யோசித்தது. இரான் விலங்கையும் தரவில்லை, செல்லையும் தரவில்லை.

கடைசியில் 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வந்தன. இவை ஆப்பிரிக்கத் துணையினம், அதாவது பதிலிகள். பல இறந்தன, குட்டிகளும் பிறந்தன. திட்டம் குறித்த விவாதம் இன்னும் ஓயவில்லை. அந்த விவாதத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். அதில் மரபணு பற்றிய பேச்சு குறைவு. இடம் போதுமா, இரை போதுமா, வேலி தாண்டினால் கிராமத்தில் என்ன ஆகும் என்பதுதான் பேச்சு. விலங்கு கைக்கு வந்த பிறகு தொடங்கும் இந்தக் கேள்விகளுக்கு எந்த ஆய்வகத்திலும் விடை இல்லை.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால்...

டோடோ, டாஸ்மேனியப் புலி, நியூசிலாந்தின் மோவா என்று பட்டியல் நீள்கிறது. ‘திரும்பி வந்துவிட்டது’ என்று நோட்டிஃபிகேஷன் வரும்போது மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். உயிருள்ள செல்லிலிருந்து வந்ததா, இல்லை வேறு விலங்கில் செய்த சில திருத்தங்களா? ஒன்றிரண்டு பிறந்திருக்கிறதா, இல்லை தானாகப் பெருகும் கூட்டம் இருக்கிறதா? போய் வாழ இடம் இருக்கிறதா?

புக்கார்டோவின் மலைக்கு என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டோம். 2014 முதல், ஸ்பெயினின் வேறு மலைகளில் நன்றாக வாழ்ந்துகொண்டிருந்த ஐபெக்ஸ் ஆடுகளைப் பிடித்துவந்து பிரனீஸின் பிரான்ஸ் பக்கத்தில் விட்டார்கள். புக்கார்டோவின் சித்தப்பா பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். க்ளோனிங் இல்லை, கிரிஸ்பர் இல்லை. இன்று அவை நூற்றுக்கணக்கில் பெருகி, அந்தப் பாறைகளில் மேய்கின்றன. ஆனால் அவை செலியாவின் இனம் இல்லை. அந்த இனம் போனது போனதுதான். மலைக்கு ஆடுகள் திரும்பியதற்குக் காரணம், வேறு எங்கோ யாரோ ஒரு கூட்டத்தை அழியவிடாமல் வைத்திருந்தார்கள் என்பது மட்டுமே.